தலைப்பாகையோடு போன பிறகு



"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். வரவிருந்த பெரிய ஆபத்து சிறிய நஷ்டத்தோடு விலகிப் போகும்போது நாமெல்லாரும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். இக்காலத்தில் இந்தப் பழமொழிக்கு அதிக வேலை கொடுப்பது நெடுஞ்சாலைதான். எதிரே வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் கடந்து போயிற்று. முன்னால் சென்ற பஸ் திடீரென்று நின்றது. நல்ல வேளை, பிரேக் பிடித்தது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு இரவோடு இரவாகத் திரும்புகையில் ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தார். கார் சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்துக்கு இரண்டடி முன்னால் நின்றது. விளக்கு ஒன்று உடைந்தது, மனிதருக்குச் சேதமில்லை.

இப்படித் தப்பியவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள். "சுவாமி, ஆண்டவர்தான் எங்களைக் காப்பாற்றினார். ஒரு நன்றியறிதல் பூசை வைக்கவேண்டும்" என்கிறார்கள். மிகவும் நல்லது. பத்துக் குஷ்டரோகிகள் குணமடைந்தபோது நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே; அந்த ஒருவனுடைய புத்தி இவர்களுக்கு இருக்கிறது. ஆனால் பூசை முடிந்து அந்தக் குடும்பம் மறுபடியும் அதே காரில் ஏறுகிறதே, அப்போது என்ன நடக்கிறது என்பதை இந்த வாரம் சற்று நிதானமாக யோசிப்போம்.

ஓட்டுகிறவர் போலீசார் நிற்கிற இடம் வரும்போது மாத்திரம் சீட் பெல்ட்டை இழுத்து மார்பின்மேல் பிடித்துக் கொள்கிறார். பின் இருக்கையின் பெல்ட் எங்கே இருக்கிறதென்றே ஒருவருக்கும் தெரியாது. புது சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. கைக்குழந்தை முன் இருக்கையில் தாயின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. விபத்துக்கு முந்திய நாள் எப்படிப் போனார்களோ அப்படியே இன்றும் போகிறார்கள். தப்பிப் பிழைத்தது அவர்களுக்கு ஒன்றையும் கற்றுக் கொடுக்கவில்லை.

ஆகவே கேள்வி இது: மயிரிழையில் தப்பின மனிதனுக்கு என்ன கடமை உண்டாகிறது? நன்றி சொன்னதோடு அவன் கணக்குத் தீர்ந்துவிடுகிறதா?

தப்பியவர் மேலானவரா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். தப்பித்தவர்களின் மனதில் தங்களை அறியாமலே ஒரு நினைவு நுழைந்து விடுவதுண்டு. "நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு போனோம், ஆகையால் தப்பினோம்" என்று சொல்லத் தொடங்குகிறார்கள். இதைச் சொல்லும்போது அக்கம்பக்கம் பார்த்துச் சொல்லவேண்டும். சாலையில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அதே பூசையில் பக்கத்து வரிசையில் முழந்தாளிட்டிருப்பாள். அவளும் செபமாலை சொன்னவள்தான். அவள் மகன் கழுத்திலும் உத்தரியம் இருந்தது. நம் வார்த்தை அவள் காதில் எப்படி விழும்? "என் பிள்ளையைச் சர்வேசுரன் வேண்டாமென்று விட்டாரோ" என்றுதானே விழும்?

இந்த விஷயத்தில் நமதாண்டவரே தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீலோவே என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டு போனார்கள். அவர்கள் ஜெருசலேமிலிருந்த மற்றெல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று சேசுநாதர் கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்லி, உயிரோடிருக்கிறவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். செத்தவர்களைப் பற்றி ஆராயவேண்டாம், பிழைத்திருக்கிற உங்களைப் பற்றி யோசியுங்கள் என்பதே அதன் கருத்து.

அதோடு நிறுத்தாமல் உடனே ஒரு உவமை சொல்கிறார். தோட்டத்தில் ஒரு அத்திமரம் நின்றது. மூன்று வருஷமாய்ப் பழம் இல்லை. எஜமான் அதை வெட்டிவிடச் சொன்னான். தோட்டக்காரனோ, இந்த ஒரு வருஷமும் விட்டுவையும், சுற்றிலும் கொத்தி எரு வைத்துப் பார்க்கிறேன் என்று மன்றாடினான். உவமை அங்கே முடிகிறது. மரம் பழுத்ததா, வெட்டப்பட்டதா என்று சொல்லப்படவில்லை.

சாலையில் தப்பிப் பிழைத்தவன் இந்த அத்திமரம். அவன் மற்ற மரங்களைக் காட்டிலும் நல்ல மரம் என்பதற்காக விடப்படவில்லை. அவனுக்குத் தவணை கிடைத்திருக்கிறது. தவணை கிடைத்த கடன்காரன் சாமர்த்தியம் பேசிக்கொண்டு திரிவது அழகல்ல. கடனைத் தீர்க்கும் வழியைத் தேடவேண்டும்.

இரண்டு ஓட்டுநர்கள்

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போவோம். இரண்டு மனிதரை நினைத்துக் கொள்ளுங்கள். இருவரும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுகிறார்கள். இருவருடைய போனும் ஒலிக்கிறது. அழைத்தது யார் என்று பார்க்க இருவரும் 3 விநாடி குனிகிறார்கள். அந்த 3 விநாடியில் கார் 50 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல்வன் ஓட்டிய 50 மீட்டரில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. அவன் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்டுத் தூங்கினான். இரண்டாமவன் ஓட்டிய 50 மீட்டரில் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி ஒருத்தி சாலையைக் கடந்தாள். அவன் அன்றிரவு போலீஸ் நிலையத்தில் இருந்தான்; அந்தப் பிள்ளையின் வீட்டில் அழுகைக் குரல் கேட்டது.

உலகம் முதல்வனை யோக்கியன் என்றும் இரண்டாமவனைக் கொலைகாரன் என்றும் சொல்லும். விளைவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது உலகத்துக்கு வழக்கம். அதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் இருதயத்தைக் காண்கிற சர்வேசுரனுடைய சந்நிதியில் இவ்விருவருக்கும் உள்ள வித்தியாசம் என்ன? குனிந்தபோது இருவருக்கும் ஒரே மனதுதான். இருவரும் ஒரே அசட்டைத்தனத்துக்குச் சம்மதித்தார்கள். முதல்வனைக் காப்பாற்றியது அவனுடைய புண்ணியமல்ல. அந்தச் சிறுமி வேறு தெருவால் வீட்டுக்குப் போனாள், அவ்வளவுதான்.

விளைவுக்கு ஒரு மதிப்பும் இல்லையென்று நான் சொல்லவரவில்லை. இரண்டாமவனுக்குப் பரிகாரக் கடமை உண்டு. அந்தக் குடும்பத்துக்கு அவன் கடனாளி. வாழ்நாள் முழுவதும் அந்தத் துக்கத்தைச் சுமப்பான். இதில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் கவனமாகப் பகுத்துச் சொல்கிறார். யாரும் எதிர்பாராத விதமாய், அபூர்வமாய் நேருகிற விளைவு ஒரு செயலின் தீமையைக் கூட்டுகிறதில்லை. ஆனால் அந்தச் செயலின் சுபாவத்திலேயே பெரும்பாலும் பின்தொடர்கிற விளைவானால் அது அந்தச் செயலைச் சேர்ந்தது. சாலையைப் பார்க்காமல் ஓட்டினால் மோதும் என்பது அபூர்வமா, சுபாவமா? நீங்களே சொல்லுங்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. "ஒன்றும் நடக்கவில்லையே" என்பது மனச்சாட்சிக்கு மருந்தாகாது. ஒன்றும் நடக்காத அந்த நாளையே எடுத்து ஆத்தும சோதனை செய்யவேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எவை என்று நாம் ஞானோபதேசத்தில் சிறு வயதிலேயே படித்தோமே! பாவங்களை நினைத்துப் பார்ப்பதும் மனஸ்தாபப்படுவதும் மாத்திரம் போதாது; இனிமேல் செய்வதில்லை என்ற பிரதிக்கினை வேண்டும். பிரதிக்கினையில்லாத மனஸ்தாபம் எப்படி அரைகுறையோ, அப்படியே நடத்தையில் மாற்றமில்லாத நன்றியும் அரைகுறை.

தேவாலய உச்சியில்

சிலர் சொல்லுகிறார்கள்: "சுவாமி, சாவு வருகிற நாளை ஆண்டவர் குறித்திருக்கிறார். பெல்ட் போட்டால் நிற்குமா? போடாவிட்டால் முந்துமா? காரில் அர்ச். கிறிஸ்தோபர் சுரூபம் வைத்திருக்கிறோம். காவல் சம்மனசைத் தினமும் வேண்டிக்கொள்ளுகிறோம்." கேட்பதற்கு இது பெரிய விசுவாசம்போல் இருக்கிறது. இதே வார்த்தையை வேறொருவன் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான் என்பதை மறந்து விடுகிறார்கள். பசாசு நமதாண்டவரைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னது. சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்று சங்கீதத்திலிருந்தே ஆதாரமும் காட்டியது. அந்த வாக்குத்தத்தம் பொய்யா? மெய்தான். ஆனால் அதை நம்பி வேண்டுமென்றே குதிக்கிறவன் சர்வேசுரனை நம்புகிறவன் அல்ல, அவரைச் சோதிக்கிறவன் என்று சேசுநாதர் மறுத்துவிட்டார். அவர் குதிக்கவில்லை.

செய்யக்கூடிய காரியம் கையிலிருக்க, அதைச் செய்யாமல், காரணமின்றி ஆபத்தில் தன்னைப் போட்டுக்கொண்டு, சர்வேசுரன் விடுவிக்கிறாரா பார்ப்போம் என்றிருப்பது அவரைச் சோதிப்பதே என்று அர்ச். தோமாஸும் போதிக்கிறார். "செய்யக்கூடிய காரியம் கையிலிருக்க" என்பதைக் கவனியுங்கள். காரில் அந்தக் காரியம் உண்மையாகவே கைக்கெட்டும் தூரத்தில், தோளுக்குப் பக்கத்தில், தொங்கிக்கொண்டிருக்கிறது.

விவேகம் என்ற புண்ணியத்தை அந்த அர்ச்சியசிஷ்டவர் எட்டு அங்கங்களாகப் பிரிக்கிறார். ஞாபகம் ஒன்று, முன்னறிந்து நடப்பது ஒன்று, எச்சரிக்கை ஒன்று. முன்னறிந்து நடப்பதற்கு அவர் எழுதுகிற இலத்தீன் வார்த்தை "புரோவிதென்சியா" என்பது. தேவ பராமரிப்புக்கும் திருச்சபை வழங்குகிற வார்த்தை அதுவே. ஆக, வருமுன் காத்துக்கொள்கிற மனிதன் தேவ பராமரிப்புக்கு எதிரியல்ல. தன் சிறிய அளவில் அதில் பங்குகொள்ளுகிறவன்.

இந்தப் பட்டை செய்கிற வேலை

பிரசங்கத்தைச் சற்று நிறுத்தி, இந்தச் சீட் பெல்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் மரத்தில் மோதினால், அந்த அடி ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து, விழுகிற அடிக்குச் சமம். கார் நின்று விடுகிறது. உள்ளே இருக்கிறவன் நிற்பதில்லை. கார் ஓடின அதே வேகத்தில் அவன் முன்னோக்கிப் போய் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ முன் சீட்டிலோ மோதுகிறான். அவன் உடல் நின்ற பிறகும் மூளையும் இருதயமும் உள்ளே முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. ஒரே விபத்தில் மூன்று மோதல்கள்! பெல்ட் மனிதனை இருக்கையோடு சேர்த்துப் பிடித்து, காரின் முன்பாகம் நசுங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தையும் தூரத்தையும் அவன் உடலும் நிற்பதற்குக் கொடுக்கிறது. வரும் பாரத்தைத் தோள், மார்பெலும்பு, இடுப்பெலும்பு ஆகிய உறுதியான இடங்களில் பரப்பி விடுகிறது. முன் இருக்கையில் மரண ஆபத்தைப் பாதி வரைக்கும், பின் இருக்கையில் கால் பங்கும் அது குறைப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "நான் இறுகப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்லிக் குழந்தையை மடியில் வைத்துக் கொள்ளுகிறீர்கள். உங்கள் அன்பைச் சந்தேகிக்க யாராலும் முடியாது. கையின் பலத்துக்குத்தான் எல்லை உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ மூட்டையைப்போல் இழுக்கும். இரண்டு நெல் மூட்டையைக் காட்டிலும் கனமான அதை எந்தத் தாய் கையில் தாங்குவாள்? அதுவும் நடப்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். பிடிக்கவேண்டும் என்று நினைப்பதற்கே அது போதாது. குழந்தைக்கென்று செய்த இருக்கையில், பின்னால் வைத்துக் கட்டுவதே அன்பு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுகிறது. தாய்க்கு அந்தச் சட்டம் எதற்கு?

இந்த மூன்று முனைப் பட்டையை 1959-ல் அமைத்தவர் சுவீடன் தேசத்து வோல்வோ கம்பெனியின் எஞ்சினியர் நில்ஸ் போலின் என்பவர். அதற்கு முன்பு ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து காப்பாற்றுகிற சாதனங்களைச் செய்துகொண்டிருந்தவர் அவர். ஒரு கையால், ஒரே இழுப்பில் மாட்டக்கூடியதாக இதைச் செய்தார். அந்தக் கம்பெனி இந்த உரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல், மற்றக் கம்பெனிகளும் செய்துகொள்ளும்படி திறந்து விட்டது. லாபத்தையே கண்ணாகக் கொண்ட வியாபார உலகத்திலும் இப்படி ஒரு காரியம் நடந்தது. அன்று அவர்கள் தாராளமாகக் கொடுத்ததை இன்று நாம் சீட் உறைக்குள் புதைக்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் நம் தேசத்தில் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். நம் தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேர். பெல்ட் அணியாமல் மாண்டவர்கள் 16,715 பேர். இவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் உடன் சென்றவர்கள். எல்லாரும் பெல்ட்டினால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லமுடியாது. ஆனாலும் அநேகர் பிழைத்து இன்று தங்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். அதே வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி, டாட்டா சன்ஸ் கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பும் வழியில் பால்கர் மாவட்டத்தில் ஒரு பாலச்சுவரில் கார் மோதி மாண்டார். பின் இருக்கையிலிருந்த இருவரும் இறந்தனர். முன் இருக்கையிலிருந்த இருவரும் பிழைத்தனர். பின்னாலிருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். விலையுயர்ந்த காரும் பெரிய செல்வமும் ஒரு முழப் பட்டையின் வேலையைச் செய்யவில்லை.

சொல்லும் சாக்குகள்

"பக்கத்தில்தானே போகிறோம்" என்பார்கள். மரம் வீட்டுக்குப் பக்கத்திலும் உண்டு. "சேலை கசங்குகிறது" என்பார்கள். ஆஸ்பத்திரியில் சேலையைக் கத்தரித்தல்லவா எடுப்பார்கள்! "ஏர்பேக் இருக்கிறது" என்பார்கள். அது பெல்ட் அணிந்தவனுக்கென்று செய்யப்பட்ட துணை. அணியாதவன் அதன்மேல் எறியப்பட்டால் அதுவே காயப்படுத்தும். "பெல்ட் போட்டால், ஓட்டுகிறவரை நம்பவில்லை என்று ஆகாதா?" என்று கூச்சப்படுகிறவர்களும் உண்டு. எதிரே வருகிற லாரிக்காரனை நமக்குத் தெரியாதே!

கடைசியாக ஒரு சாக்கு: "என் உயிர், என் இஷ்டம்." இதைக் கிறீஸ்தவன் சொல்லக்கூடாது. உயிருக்கு நாம் சொந்தக்காரர் அல்ல, விசாரணைக்காரர். மேலும், பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருக்கிற 60 கிலோ மனிதன், கார் மோதும்போது முன்னாலிருக்கிற தன் மனைவியின் முதுகில் பாறையைப்போல் விழுகிறான். அவன் இஷ்டம் அவனோடு நிற்கவில்லை. அவன் மாண்டால் விதவையாகிறவளும், படிப்பை நிறுத்துகிற பிள்ளைகளும் அவன் இஷ்டத்துக்குச் சம்மதித்தவர்களா? ரோமையிலிருந்து 2007-ல் வெளிவந்த சாலை மேய்ப்புப் பணி வழிகாட்டியில் ஓட்டுகிறவர்களுக்குப் பத்துக் கற்பனைகள் வகுக்கப்பட்டன. முதலாவது, கொலை செய்யாதிருப்பாயாக என்ற அதே கற்பனைதான். குடியினாலோ வேகப் பிரியத்தினாலோ தன் உயிரையும் பிறர் உயிரையும் சாலையில் ஆபத்துக்குள்ளாக்குவது கனமான குற்றம் என்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலும் போதிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பெல்ட் மாட்டாவிட்டால் இப்போதைய கார்கள் ஒலியெழுப்பி எச்சரிக்கின்றன. அந்தச் சத்தத்தை அடக்குவதற்கென்று ஒரு பொய்க் கொக்கி விற்கிறார்கள். அதை மாட்டிவிட்டால் கார் பேசாது. இதை இணையக் கடைகளில் விற்கக்கூடாதென்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. இந்தக் கொக்கியைப் பார்க்கும்போதெல்லாம் மனச்சாட்சியின் நினைவு வருகிறது. சர்வேசுரன் நம் உள்ளத்தில் ஒரு எச்சரிக்கை மணி வைத்திருக்கிறார். திருந்தி அதை நிறுத்தலாம். சாக்குச் சொல்லியும் நிறுத்தலாம். இரண்டிலும் சத்தம் நிற்கும். ஆனால் மரம் வரும்போது வித்தியாசம் தெரியும்.

ஆகையால், பிரியமானவர்களே, காரியத்துக்கு வருவோம். வாகனம் மந்திரிக்கக் கொண்டு வருகிறவர்கள், பின் இருக்கைப் பெல்ட்டுகளை உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள். பிறகு தீர்த்தம் தெளிப்போம். யாத்திரைக்கு வேன் அமர்த்துகிறவர்கள், ஓட்டுநர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் உறக்கத்தை விலைக்கு வாங்கி நேர்த்திக்கடன் தீர்க்கவேண்டாம். இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டும் இதே கடமைதான். வண்டியில் ஏறியதும் சிலுவை அடையாளம் வரைந்து, அதே கையால் பெல்ட்டை மாட்டுங்கள். பிள்ளைகள் கேட்டால், இதுவும் நம் செபத்தைச் சேர்ந்ததுதான் என்று சொல்லுங்கள்.

மயிரிழையில் தப்பினவர்கள் தாராளமாக நன்றிப் பூசை கொடுங்கள், சந்தோஷத்தோடு நிறைவேற்றுவோம். இந்த வருஷமும் விட்டுவைக்கப்பட்ட மரம் எதற்காக விட்டுவைக்கப்பட்டது என்பதை மட்டும் மறவாதிருங்கள். வழிப்பிரயாணிகளுக்குத் துணையான தேவமாதா உங்களையும், சாலையில் உங்களைக் கடந்துபோகிற பெயர் தெரியாத ஒவ்வொருவரையும் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பாராக.

உங்கள் பங்கு சுவாமியார்